கழுத்துப் பங்கு

ஒரு காளையின் கோபத்துக்கு எடை உண்டு. ஏறக்குறைய நாற்பது கிலோ. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த கறிக் கம்பெனி கணக்குப் போட்டு வைத்திருந்தது. காயடிக்காமல் விட்ட காளை, அதே தீனியைத் தின்று, காயடித்த மாட்டைவிட அவ்வளவு கூடுதலாக எடை ஏறும். காயடித்தால் அந்தச் சதை நஷ்டம், ஆனால் மாடு சொன்ன பேச்சைக் கேட்கும். இரண்டில் ஒன்றைத்தான் மனிதனால் இத்தனை காலமும் எடுத்துக்கொள்ள முடிந்தது.

என் பெயர் பெர்சிஸ். கால்நடை மருத்துவர். சொந்த ஊர் நாசரேத் பக்கம். உழவுக்கு மாடு வேண்டாம் என்றாகி, ஆண் கன்றுகளை ரோட்டில் அவிழ்த்து விட்டு, அவை குப்பைத் தொட்டியில் பாலித்தீன் பையைத் தின்று செத்து, கடைசியில் மாடு வெட்டும் சட்டத்தையே மாற்றினார்கள் அல்லவா, அதற்குப் பிறகு முளைத்த கம்பெனிகளில் இதுவும் ஒன்று. பாலாற்றங்கரையில் பெரிய மதில். மதிலுக்கு இந்தப் பக்கம் ஆயிரக்கணக்கில் காளைகள், அந்தப் பக்கம் அவற்றை வெட்டுகிறவர்கள் வாழும் காலனி.

முதல் நாள் ஆராய்ச்சித் தலைவர் சுதர்சனன் என்னைக் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நிறுத்திப் பாடம் நடத்தினார். பாடம் நடத்துவதில் அவருக்கு அலாதிப் பிரியம்.

“சொல்லுங்க டாக்டர், கறிக்கு வளர்க்கிற காளையை எதுக்குக் காயடிக்கிறோம்?”

“கறி மெத்துன்னு இருக்கும். சதைக்குள்ள கொழுப்பு நூல் நூலா ஓடும். காயடிக்காத காளை வெட்டுற இடத்துக்கு வர்றதுக்குள்ளயே ஒண்ணையொண்ணு முட்டி, மிரண்டு, உடம்புல இருக்கிற சர்க்கரையை எல்லாம் எரிச்சிடும். அப்புறம் வெட்டினா கறி கருத்துப் போகும். வாங்குறவன் தொடமாட்டான்.”

“ஆனா காளைதான் சீக்கிரம் வளருது. அப்போ நமக்கு என்ன வேணும்?”

“காளையோட உடம்பு, எருதோட குணம்.”

“அங்க பாருங்க” என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

மாடுகள் வரிசையில் நின்றன. ஒவ்வொன்றும் தேர் மாதிரி. திமில் மலர்ந்து, விதைப்பை கனத்துத் தொங்கியது. எதுவும் முட்டவில்லை, கத்தவில்லை. முன்னால் நின்ற மாடு தடாலென்று விழுந்ததைப் பின்னால் நின்றது பார்த்தது. பார்த்துக்கொண்டே அசை போட்டது. பிறகு தானாக இரண்டடி முன்னால் வந்து, காலியான இடத்தில் நின்றது.

“ஒரே ஒரு ஊசி. கழுத்துல” என்றார் சுதர்சனன். “ஊசியில இருக்கிறது மருந்து இல்லை, மருந்தைச் செய்யற கிருமி. நாங்க பழக்கின கிருமி. கழுத்துச் சதையிலயே குடியிருந்து மருந்தைச் சுரந்துகிட்டே இருக்கும். அது மூளைக்குப் போய், கோபமும் பயமும் பிறக்கிற இடத்தை மட்டும் மூடிடும். வளர்ச்சியைத் தொடாது. பசியைத் தொடாது.”

“விதையை விட்டுட்டு மனசைக் காயடிக்கிறீங்க.”

“அழகாச் சொன்னீங்க!” என்று சிரித்தார். நான் அழகுக்காகச் சொல்லவில்லை. அன்றையிலிருந்து கறி என் தொண்டையில் இறங்குவதில்லை. மீனும் கறியுமாய் வளர்ந்தவள், தயிர்ச்சோற்றைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அந்த ஊசிக்குக் கம்பெனி வாயில் நுழையாத ஒரு பெயரை வைத்திருந்தது. வேலையாட்கள் அதைச் சாந்தி ஊசி என்றார்கள்.

வேலையாட்களும் நல்ல சாந்தம்தான். இத்தனை கத்தியும் ரத்தமும் புழங்கும் இடத்தில் ஒரு வாய்ச்சண்டை கிடையாது. பூட்ஸ் கிழிந்து தண்ணீர் உள்ளே வந்தாலும் புதுசு கேட்க மாட்டார்கள். இன்னும் மூன்று மணி நேரம் இரு என்றால் இருப்பார்கள். நான் ஊருக்குப் புதுசு. சிலருடைய சுபாவம் இப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

தட்டு கழுவும் பிரிவில் அமுலு என்றொரு பெண் இருந்தாள். முப்பது வயது இருக்கும். வெட்டும் கூடத்தில் வேலை செய்த கன்னியப்பனின் மனைவி. தொழிலாளர் சங்கத் தலைவர் ஏகாம்பரத்துக்குத் தங்கை. என் அறைக்கு டீ கொண்டுவரும்போது இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவாள்.

“முன்னெல்லாம் எங்க ஊட்டுக்காரரு குடிச்சிட்டு வந்தா தெருவே அதிரும் டாக்டரம்மா. பாருங்கோ, இந்தத் தழும்பு அவரு போட்டதுதான். இப்போ இன்னான்னா, வர்றாரு, சாப்பிடுறாரு, கம்னு படுத்துக்கிறாரு. எங்க தெருவுல அத்தினி ஊட்டுலயும் இப்பிடித்தான். மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டான்னு பொம்பளைங்க பேசிக்கிறோம்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் கேட்கச் சந்தோஷமாகவே இருந்தது.

ஆடி மாதத்தில் கன்னியப்பன் செத்துப்போனார்.

வெட்டும் கூடத்து ரத்தமும் சாணமும் போய் விழுகிற தொட்டி ஒன்று உண்டு. பூமிக்கு அடியில் இருக்கும் அதில் அடைப்பு எடுத்தது. மேற்பார்வையாளர் கன்னியப்பனைக் கூப்பிட்டு இறங்கச் சொன்னார். உள்ளே விஷவாயு இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். போன வருஷம் ஒருத்தன் எட்டிப் பார்த்தே மயங்கி விழுந்திருக்கிறான். முகமூடி ஸ்டோர் அலமாரியில் பூட்டிக் கிடந்தது, சாவி வைத்திருந்தவர் லீவு. கன்னியப்பன் சட்டையைக் கழற்றி மடித்து மனைவி கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். அமுலு அங்கேதான் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. மாடு கட்டும் கயிற்றைப் போட்டுத்தான் உடம்பை மேலே எடுத்தார்கள்.

நான் ஓடிப்போனபோது எல்லாம் முடிந்திருந்தது. நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். சுற்றிலும் ஐம்பது அறுபது ஆண்கள், கையில் கத்தியோடு நின்றார்கள். இப்போது இந்த இடம் பற்றி எரியப்போகிறது என்று பயந்தேன். யாரும் அசையவில்லை. ஒருத்தர் வந்து, “கை வலிக்கும், உடுங்கோம்மா” என்றார்.

சாவு வீட்டுக்குச் சுதர்சனன் மாலையோடு வந்தார். தூறலாக இருந்தது. சங்கத் தலைவர் ஏகாம்பரம் அவருக்குக் குடை பிடித்தார், இறந்தது சொந்தத் தங்கையின் புருஷன். பறையடிக்கிறவர்கள் சுரத்தில்லாமல் அடித்தார்கள். ஒப்பாரி வைக்க உட்கார்ந்த பெண்கள் நாலு வரி பாடிவிட்டு டீ வந்ததா என்று கேட்டார்கள். அமுலு பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. யாரோ ஒருத்தியாகிய நான் அங்கே நிற்க முடியாமல் காருக்குள் போய் உட்கார்ந்து அழுதேன்.

கருமாதிக்கு நாலைந்து நாள் இருந்தபோது, காலை வேலை தொடங்கும் நேரத்தில் கம்பெனி வாசலில் ஓர் அலறல் கேட்டது. அந்த மதிலுக்குள் அப்படி ஒரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. காளைகள்கூட அப்படிக் கத்தியதில்லை. வெளியே ஓடினேன்.

அமுலு. தலைமுடி அவிழ்ந்து, மண்ணை வாரி வாரி இரும்புக் கேட்டின் மேல் இறைத்துக்கொண்டிருந்தாள்.

“எங்க ஊட்டுக்காரர கொன்னுட்டீங்கோடா! முகமூடிய பூட்டி வெச்சிட்டு மனுசன எறக்கினீங்கோடா! நீங்க நல்லா இருப்பீங்களா? நாசமாப் பூடுவீங்கோடா!”

ஷிப்டுக்கு வந்தவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். “பேய் புடிச்சிகிச்சி போலக்கீது” என்றார் ஒருவர். ஏகாம்பரம் கிட்டே போய்த் தோளைத் தொட்டார்.

“அழுவாத அமுலு. நடந்தது நடந்துபோச்சி. ஊட்டுக்குப் போ.”

“நீ ஒரு அண்ணனா? தூ! அவனுக்கு நீ கொடை புடிக்கிற!” என்று அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். ஊருக்கே தலைவர். அத்தனை பேர் முன்னால் வாங்கிய அறை. அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றார். முகம் சுருங்கவில்லை. அந்தக் கண்ணை நான் எங்கே பார்த்திருக்கிறேன் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்திருக்கிறேன்.

அமுலுவை என் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரை மேஜைமேல் வைத்தாள்.

“அன்னிக்கி நான் ஏன் டாக்டரம்மா அழுவல? புருஷன் பொணத்தாண்ட குந்திகினு, கொழம்புக்குப் புளி ஊற வெச்சமா இல்லியான்னு ரோசன பண்ணிகினு இருந்தேன். சட்டைய என் கையிலதான் குடுத்துட்டு எறங்குனாரு. ‘போவாத’ன்னு ஒரு வார்த்த என் வாயில வர்ல. ஏன் வர்ல? நான் மனுசிதானா? இப்போ ரெண்டு நாளா நெஞ்சு எரியுது. அவரு எறங்குறது கண்ணு முன்னாடியே நிக்குது. நேத்துதான் செத்தா மாதிரி இருக்குது.”

“அமுலு, இந்த நாள்ல நீ என்ன சாப்பிட்ட?”

“இன்னா சாப்பிடுவேன்? கஞ்சி, ரசம். கருமாதி முடியற வரிக்கும் கவுச்சி தொடக்கூடாதே.”

“அதுக்கு முன்னால?”

“எங்க ஊட்டுல தெனமும் கறிதான். கழுத்துப் பங்கு வருமே.”

கழுத்துப் பங்கு என்றால் என்ன என்று கேட்டேன். அவள் சொன்னாள்.

அவர்களுடையது பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து மாடு வெட்டும் தொழில். மாடு யாருடையதாக இருந்தாலும் கழுத்துக் கறி வெட்டினவனுக்கு. அது கூலி இல்லை, உரிமை. கழுத்தைக் கொடுக்காமல் ஏமாற்றியவன் வீட்டு மாட்டை அப்புறம் யாரும் தொடமாட்டார்கள். கம்பெனி வந்தபோது மற்றதையெல்லாம் ஒப்புக்கொண்டு, கழுத்தை மட்டும் தர மறுத்தது. ஊசி போட்ட இடம், எரித்துவிட வேண்டும் என்று சட்டம் பேசியது.

“எங்க அண்ணன் உடுமா? கேட்ட இழுத்துப் பூட்டிட்டு, மேனேஜர உள்ளயே அடச்சி வெச்சிட்டாரு. ஒரு மாடு வெட்டல. ‘எங்க பாட்டன் சொத்துடா அது’ன்னு அவரு போட்ட சத்தம் ஆத்துக்கு அந்தாண்ட கேட்டுதாம். போலீசு வந்து அடிச்சிது. யாரும் நவுரல. கடசில கம்பெனி எறங்கி வந்து, எடுத்துக்கங்கன்னுச்சி. அண்ணனுக்கு மால போட்டு ஊர்வலம் வுட்டோம்.” சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். “அதான் டாக்டரம்மா அவரு கடசியா கோவப்பட்டது.”

அன்றே அவள் ரத்தத்தையும், ஏகாம்பரத்தின் ரத்தத்தையும் எடுத்துச் சோதித்தேன். ஏகாம்பரம் எதற்கு என்றுகூடக் கேட்காமல் கையை நீட்டினார். அவர் ரத்தத்தில் ஊசி மருந்து, மாட்டுக்கு இருப்பதில் பாதி அளவு இருந்தது. அமுலுவின் ரத்தத்தில் மருந்தின் நிழல்தான் மிச்சம். துக்கம் காக்கிறேன் என்று கறியை ஒதுக்கியதில் அவளுக்கு மட்டும் தெளிந்திருக்கிறது. துக்கமும் அப்போதுதான் வந்திருக்கிறது.

என்ன செய்கிறோம் என்றுகூட யோசிக்காமல் சுதர்சனன் அறைக்குள் நுழைந்தேன். காகிதத்தை அவர் மேஜையில் வீசினேன். படித்தார். முகத்தில் ஆச்சரியம் இல்லை.

“உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“கிருமி வேகவச்சா செத்துடும். அது சுரந்த மருந்து சாகாது. அது தெரியும்” என்றார். “எரிக்கணும்னுதான் முதல்ல சொன்னோம். அவங்கதான் போராடி வாங்கினாங்க. ஒரு சமூகத்தோட வழக்கத்துல நாம எப்படித் தலையிடறது?”

“விஷம்னு ஒரு வார்த்தை சொல்லலையே!”

“யார் செத்தாங்க டாக்டர், விஷம்னு சொல்றதுக்கு? அந்தக் காலனியில முந்தி எத்தனை பொண்ணுங்களுக்கு மண்டை உடைஞ்சு ஆஸ்பத்திரிக்கு வருவாங்க, விசாரிச்சுப் பாருங்க. இப்போ ஒண்ணு கூட இல்லை. அவங்க நிம்மதியா இருக்காங்க.”

“கன்னியப்பன் நிம்மதியாத்தான் தொட்டிக்குள்ள இறங்கினார்!”

என் குரல் எனக்கே பயமாக இருந்தது. அவர் எதிரில் இருந்த காபியை எடுத்துச் சுவரில் அடித்தேன். ஐந்து நிமிஷத்தில் காவலாளிகள் வந்து என் அடையாள அட்டையைக் கழற்றிக்கொண்டு என்னைக் கேட்டுக்கு வெளியே விட்டார்கள். ரொம்ப மரியாதையாகத்தான் விட்டார்கள், அவர்களும் காலனிக்காரர்கள்.

காலனியில் வீடு வீடாகப் போனேன். கழுத்துக் கறியைத் தின்னாதீர்கள் என்று சொன்னேன். எல்லோரும் பாய் போட்டு உட்காரவைத்துக் கேட்டார்கள். “சரிங்கம்மா” என்றார்கள். சாயங்காலம் தெரு முழுக்க அதே கறி கொதிக்கும் வாசனை. எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதியைப் பங்கு போட்டுக் கொடுக்க முடிந்திருந்தால் அந்தத் தெருவுக்கே போதும். ஒரே ஒரு பெண் மட்டும், கைக்குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, நிதானமாகக் கேட்டாள்: “இது வந்தப்பறந்தான் எங்க ஊட்டுல அடி ஒத இல்ல. அத்த நிறுத்தச் சொல்றீங்களாம்மா?”

நான் எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனேன்.

மிஞ்சியது அமுலுதான். கன்னியப்பன் சாவுக்குக் கோட்டாட்சியர் விசாரணை என்று ஒன்று வைத்திருந்தார்கள். கருமாதிக்கு மறுநாள். அவராக இறங்கவில்லை, இறக்கினார்கள், முகமூடி பூட்டிக் கிடந்தது என்று நேரில் பார்த்தவள் வாயால் சொல்ல வேண்டும். கூட நின்று பார்த்த ஆண்கள் சொல்லமாட்டார்கள். அவள் ஒருத்தி சொன்னால் வழக்கு நிற்கும், தொட்டியில் இனி ஆள் இறங்க மாட்டார்கள், என் ரத்தச் சோதனையும் பேச்சுக்கு வரும். ஆனால் கருமாதியன்று அவள் வாய் நனைக்க வேண்டும். அன்று பங்காளிகள் கூடி, பிறந்த வீட்டுக்காரர்கள் கறிசோறு ஆக்கி, அண்ணன் கையால் முதல் கவளத்தைத் தங்கைக்கு ஊட்டுவது அவர்கள் முறை. அப்போதுதான் துக்கம் கழியும்.

விஷயத்தை அவளிடம் முழுக்கச் சொன்னேன்.

“அத்த துன்னா கோவம் மட்டும் பூடுமா? அழுவையும் பூடுமா?”

“ரெண்டும் போயிடும் அமுலு. உனக்கு நல்லாத் தூக்கம் வரும். நெஞ்சு எரியாது.”

“அவருக்கு நான் அழுவவே இல்ல. இப்பத்தான் நாலு நாளா அழுவுறேன்” என்றாள். “இது எனக்கு வோணும் டாக்டரம்மா. அவரு எனக்கு வெச்சிட்டுப் போனது இது ஒண்ணுதான். இத்தயும் அவனுங்க பறிச்சிக்க உடமாட்டேன்.”

கருமாதியன்று பக்கத்து ஊர்ச் சந்தையிலிருந்து இரண்டு நாட்டுக்கோழி வாங்கிக்கொண்டு போனேன். ஏகாம்பரம் பெரிய அண்டாவில் கழுத்துக் கறி ஆக்கியிருந்தார். கம்பெனி இரண்டு கூடை அதிகமாகவே அனுப்பியிருந்தது. படையல் முடிந்ததும் அவர் ஒரு கவளத்தைப் பிசைந்து, தங்கைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். பாசம் மட்டும் அவரிடம் குறையவில்லை, அதைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை.

“வாயத் தொற அமுலு. ஒனக்குப் புடிக்கும்னு மொளகு தூக்கலா போட்டிருக்குது.”

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையாட்டினாள். பழைய ஏகாம்பரமாக இருந்திருந்தால், முறையை மீறுகிறாயா என்று வீட்டையே இரண்டாக்கியிருப்பார். இவர் சரி என்று சொல்லி, அந்தக் கவளத்தைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார். அமுலு நான் ஆக்கிவைத்த கோழிக் குழம்பில் ஒரு துண்டை எடுத்துத் தானே வாயில் வைத்தாள். மென்றுகொண்டே, அண்ணன் முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுதாள்.

மறுநாள் விசாரணை. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். அந்த அறைக்குள் அவளை அழைத்துப்போகும்போது எனக்கு அந்த நம்பிக்கைதான் இருந்தது.

கோட்டாட்சியர் ஐம்பது வயதுக்காரர். நெற்றியில் விபூதி, மெல்லிய குரல். அவருக்கு இரு பக்கமும் இரண்டு அதிகாரிகள். முதலில் கம்பெனி ஆட்கள் மூன்று பேர் சாட்சி சொன்னார்கள். “அவராத்தான் எறங்குனாருங்க.” மிரட்டிச் சொல்லவைத்த மாதிரி இல்லை. அடைப்பு எடுத்தது, இறங்கினார், செத்தார். அவர்களுக்கு அவ்வளவுதான் அது. சுதர்சனன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு அமுலு எழுந்தாள்.

அவள் பேசியதை என்னால் இங்கே திருப்பிச் சொல்ல முடியாது. அன்று அவர் கழற்றிக் கொடுத்த சட்டையைக் கையில் கொண்டுவந்திருந்தாள், மடிப்புக் கலையாமல். அதை மேஜைமேல் வைத்தாள். இறக்கியது யார், அலமாரி எங்கே இருக்கிறது, உள்ளே போனவர் எத்தனை படி இறங்கியதும் இருமினார், எல்லாம் சொன்னாள். கழுத்துப் பங்கைச் சொன்னாள். “எங்கள மாடாக்கி வெச்சிருக்கிறாங்கோ சாமி! நான் சொல்றது பொய்யின்னா எங்க அண்ணன கூப்டு ரெண்டு அற வுட்டுப் பாருங்கோ, அவரு சிரிப்பாரு!” என்று சொல்லி மேஜையில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் கையை எடுத்துவிட்டாள்.

கோட்டாட்சியர் பேனாவை ஈரம் படாத இடத்துக்கு நகர்த்தி வைத்தார்.

“அம்மாவுக்குத் தண்ணி குடுங்க” என்றார். என் சோதனை முடிவுகளை வாங்கி, ஓரமாக வைத்தார். “பரிசீலிக்கிறோம். வேற ஏதாவது சொல்லணுமா?”

நான் அவர் கண்ணைப் பார்த்தேன். அமுலுவைப் பார்த்தது அது. சட்டையைப் பார்த்தது. அசை போடாததுதான் பாக்கி. பிறகு சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. மற்ற இரண்டு அதிகாரிகளும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று எல்லோரும் எழுந்தார்கள்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. சுதர்சனன் இங்கேயும் கூடை அனுப்பியிருக்கிறார். எந்த ஓட்டலிலோ, எந்தப் பிரியாணியிலோ கலந்து கொடுத்திருக்கிறார்கள். அதைப் பிடித்துவிட்டால் போதும். அதிகாரிக்கே மருந்து வைத்தார்கள் என்றால் அரசாங்கம் சும்மா இருக்குமா? எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. வராந்தாவில் நின்றிருந்த கோட்டாட்சியரின் டவாலியைப் பிடித்தேன்.

“ஐயா மத்தியானம் எங்கே சாப்பிடுவாங்க?”

“ஊட்டுலேர்ந்து கேரியர் வந்துடும்மா.”

“கறி, கிறி…”

டவாலி கன்னத்தில் போட்டுக்கொண்டார். “ஐயோ, நீங்க வேற! ஐயா சுத்த சைவம். ஆபீசுல முட்ட போட்ட கேக்கு வெட்னாக்கூட தொடமாட்டாரு. மத்த ரெண்டு பேரும் அப்பிடித்தான். பதினஞ்சு வருசமா பாக்கிறேன், ஐயா யாரு மேலயும் கோவப்பட்டே பாத்தது இல்லம்மா. தங்கமான மனுசன்.”

நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

அமுலு சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். தொண்டை கட்டிப்போயிருந்தது. என் பக்கத்தில் வந்து நின்று, உள்ளே பார்த்துவிட்டு, ரகசியம் கேட்பது போலக் கேட்டாள்.

“டாக்டரம்மா, அவரும் துன்றாரா?”

அவள் முகத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்தது. அண்டாவில் இன்னும் கறி மிச்சம் இருக்கும். இவள் போய் அண்ணன் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்துவிடுவாள்.

“ஆமா அமுலு” என்றேன். “அவரும் சாப்பிடுறார்.”

அவளுக்குப் பெரிய மூச்சு ஒன்று வந்தது. “நான் அப்பவே நெனச்சேன். இல்லன்னா, இத்தக் கேட்டுட்டு ஒரு மனுசன் அப்பிடி குந்தியிருப்பானா? அவர் மேல தப்பு இல்ல. எனக்கு மட்டும் இன்னா, நானுந்தான் பொணத்தாண்ட அப்பிடி குந்தியிருந்தேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க அவருகிட்ட சொல்லி, கொஞ்ச நாளு கவுச்சி தொடாம இருக்கச் சொல்லுங்கோ. எனக்குத் தெளிஞ்சா மாதிரி அவருக்கும் தெளியும். தெளிஞ்சா கேப்பாரு.”

அவள் வீட்டுக்குப் போகவில்லை. கோட்டாட்சியர் அலுவலகத்துப் புங்கமரத்தடியில் உட்கார்ந்தாள். அது ஆடி கடைசி. இப்போது தை. ஒவ்வொரு நாளும் காலையில் வந்துவிடுகிறாள். அவருடைய கார் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் எழுந்து நின்று, கண்ணாடிக்குள் குனிந்து அவர் கண்ணைப் பார்க்கிறாள், தெளிந்துவிட்டதா என்று.